செத்த காலேஜ், உயிர்க் காலேஜ், கிண்டி

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

சென்னையின் பழைய ஆட்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்பார்கள். சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்த மிருகக்காட்சிசாலை ‘உயிர்க் காலேஜ்’. முதலாவதில் விலங்குகளைப் பாடம் செய்து வைத்திருந்தார்கள், இரண்டாவதில் உயிரோடு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அந்தக் ‘காலேஜ்’ என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஜனங்கள்கூட, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு அங்கே போவதைப் படிப்பு என்றுதான் நினைத்திருக்கிறார்கள். நம் ஊரில் பிள்ளைகளை இயற்கையைப் பார்க்க வெளியே கூட்டிப்போன வரலாறு அந்தச் சொல்லில் தொடங்குவதாக நான் சொல்வேன்.

1851-ல் தொடங்கிய அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். உயிருள்ள விலங்கு ஒன்றிரண்டைக் கொண்டுவந்து வைத்தால் கூட்டம் அதிகம் வருவதை அவர் கவனித்தார். 1855-ல் அங்கேயே ஒரு சிறு மிருகக்காட்சிசாலை உருவானது. சில ஆண்டுகளில் அதை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்னைப் பிள்ளைகளின் ‘எக்ஸ்கர்ஷன்’ என்றால் அதுதான். 1985-ல் வண்டலூர் திறக்கும்வரை அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது. நானும் மூன்றாம் வகுப்பில் போயிருக்கிறேன். இருவர் இருவராகக் கைகோத்து, கூண்டு கூண்டாகப் போனோம். சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது. எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். திரும்பி வந்தோம். மறுநாள் வகுப்பில் ‘மிருகக்காட்சிசாலை’ என்று பத்து வரிக் கட்டுரை. கட்டுரை முன்பே கரும்பலகையில் இருந்தது. போகாத பிள்ளைகளும் எழுதினார்கள், எங்களுக்குக் கிடைத்த மதிப்பெண்ணே அவர்களுக்கும் கிடைத்தது.

இதற்கு நேர் எதிரான யோசனை ஒன்று அதற்கு வெகுகாலம் முன்பே சென்னைக்கு வந்து போயிருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாட்ரிக் கெடிஸ் தாவரவியல் படித்தவர், நகரமைப்பு அறிஞர். எடின்பரோவின் நெரிசலான பழைய நகரத்தில் குப்பை கொட்டிக் கிடந்த துண்டு நிலங்களைப் பிள்ளைகளின் கையாலேயே தோட்டங்களாக்கிக் காட்டியவர். 1915-ல் சென்னை செனட் ஹவுஸில் நகரமைப்புக் கண்காட்சி நடத்தினார். தமிழகத்தின் சில ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகளும் எழுதினார். பிள்ளை முதலில் தன் தெருவையும் தன் ஊரையும் காலால் நடந்து அளந்து படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மனது முதலில், கை அடுத்து, மூளை கடைசியில் என்று வரிசை வைத்திருந்தார். நம் பள்ளிகளில் இந்த வரிசை எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

சைதாப்பேட்டைக்காரியான எனக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேர் சைதாப்பேட்டையில்தான். 1860-களில் இங்கே விவசாயச் சோதனைப் பண்ணை தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்த வேளாண் பள்ளி 1906-ல்தான் கோயம்புத்தூருக்குப் போனது. மண்ணில் கைவைத்துப் படித்த ஊர் இது. இதைச் சொன்னால் என் தம்பி மகன் நம்பவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இனி கிண்டிக்கு வருகிறேன். உங்களில் பெரும்பாலோருக்குக் கிண்டி என்றால் சறுக்கு மரமும் குரங்கும்தான் நினைவிருக்கும். நாம் நடந்த அந்த மண்ணின் கதையைக் கேளுங்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் அது கவர்னர் மாளிகையைச் சேர்ந்த காடு. 1910-ல் சுமார் 505 ஹெக்டேரைக் காப்புக்காடு என்று அறிவித்தார்கள். நம் கணக்கில் ஆயிரத்து இருநூற்றைம்பது ஏக்கர். சுதந்திரத்துக்குப் பிறகு அது துண்டு துண்டாகக் குறைந்தது. 1958-ல் ஐ.ஐ.டி.க்காக ஒரு பெரும்பகுதி போனது. அதே ஆண்டு, பிரதமர் நேரு கேட்டுக்கொண்டதன் பேரில், மான் பூங்காவும் சிறுவர் பூங்காவும் அமைக்க இன்னொரு பகுதி வனத்துறைக்கு வந்தது. பிறகு 1974-ல் ராஜாஜி நினைவகம், அதன் பின் காமராஜர் நினைவகம். 1978-ல் மிச்சமிருந்த சுமார் 270 ஹெக்டேரைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அறுபத்தெட்டு ஆண்டில் ஏறக்குறைய பாதி. ஐ.ஐ.டி. வேண்டாம் என்றோ நினைவகம் வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் நல்ல காரணம் இருந்தது. நல்ல காரணங்களாலேயே ஒரு காடு பாதியாக முடியும் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கணக்காகவே போட்டுக் காட்டியிருக்கிறேன். 505-ல் 270 எத்தனை சதவீதம் என்று கேட்டால் சலிக்காமல் போடுவார்கள். போட்டு முடித்ததும் யாராவது ஒருவர், “அடுத்து யாருக்கு டீச்சர் கொடுப்பாங்க?” என்று கேட்பார்கள்.

சிறுவர் பூங்காவை அடுத்து 1972-ல் பாம்புப் பண்ணை வந்தது. நிறுவியவர் ரோமுலஸ் விட்டேகர். அவரோடு நின்று பாம்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களும் கையாண்டவர்களும் இருளர்கள். இந்த வரலாற்றில் முதல் உண்மையான திருப்பம் இதுதான் என்று நினைக்கிறேன். உயிர்க் காலேஜில் பலகையில் பெயர் எழுதியிருக்கும், அத்தோடு சரி. பாம்புப் பண்ணையில் ஒருவர் எதிரே நின்று பேசினார். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கைத்தான் நம் ஊரில் முக்கியமாகக் கவனிக்க வேண்டும், சாரைப்பாம்புக்கு விஷமில்லை, கடித்தால் கட்டுப்போட்டு இறுக்காதே, மந்திரிக்கப் போகாதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று சொன்னார்கள். என் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டுக்குப் போய், கூரையில் வந்த சாரையை அடிக்கவிடாமல் தன் தாத்தாவோடு சண்டை போட்டாள். எந்தப் பாடப் புத்தகத்துக்காகவும் பிள்ளைகள் தாத்தாவோடு சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து நான் 1983-ல் மாநகராட்சிப் பள்ளியில் சேர்ந்தேன். பள்ளியிலிருந்து கிண்டிக்கு அரசு பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை போவதே பெரும்பாடு. தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, பஸ் காசு. நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு டீச்சர். போனால் குரங்குகள் புளிசாதப் பொட்டலத்தோடு காத்திருக்கும் நம்மை. எண்ணிக் கூட்டிப்போவது, எண்ணிக் கூட்டி வருவது, ஒன்று குறைந்தால் வயிற்றில் புளி கரைவது. இதற்கு நடுவில் எங்கே இயற்கை?

1990-களின் நடுவில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். வேண்டாவெறுப்பாகத்தான் போனேன், சனிக்கிழமை வேறு. ஜோசப் கார்னெல் என்ற அமெரிக்கர் 1979-ல் வெளியிட்ட புத்தகம் ஒன்றில் உள்ள விளையாட்டுகளை எங்களையே விளையாட வைத்தார்கள். ஐம்பது வயது தமிழாசிரியர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு மரத்தைத் தடவியதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. ஆனால் அன்றைக்குப் பிறகு நான் பிள்ளைகளைக் கூட்டிப்போன விதம் மாறியது. உங்களில் 1996-க்குப் பிறகு படித்தவர்களுக்குக் கீழே வருவதெல்லாம் நினைவிருக்கும்.

முதலில் ஒலிப்படம். காகிதத்தின் நடுவில் ஒரு பெருக்கல் குறி, அதுதான் நீ. பத்து நிமிடம் கண்ணை மூடிப் பேசாமல் உட்கார வேண்டும். எந்தத் திசையில் என்ன சத்தம் வருகிறதோ அந்த இடத்தில் ஒரு குறி போட வேண்டும். முதல் இரண்டு நிமிடம் மீனம்பாக்கம் விமானமும் சர்தார் படேல் சாலை லாரியும்தான் காகிதத்தில் ஏறும். மூன்றாவது நிமிடம் பக்கத்துப் பையனின் இருமல். ஐந்தாவது நிமிடத்துக்குப் பிறகு குக்குறுவான் ‘டொக் டொக்’ என்று தட்டுவது கேட்கத் தொடங்கும். அது அதுவரைக்கும் தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். அதனால்தான் ஐந்து நிமிடத்தில் முடிக்கவே கூடாது என்று இளம் ஆசிரியர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அடுத்தது மரத்தோடு அறிமுகம். கைக்குட்டையால் கண்ணைக் கட்டிய பிள்ளையை இன்னொரு பிள்ளை ஒரு மரத்திடம் கூட்டிப்போகும். தடவி, முகர்ந்து, கட்டிப்பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கட்டை அவிழ்த்த பிறகு, தன் மரம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். வேப்பமரம் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்த பிள்ளை, “என் வேப்பமரம்” என்று சொல்லும்.

மூன்றாவது, நம் சொந்தச் சரக்கு. இரண்டு மீட்டர் கயிற்றை வட்டமாகத் தரையில் போட்டு, அதற்குள் இருக்கும் உயிர்களை எல்லாம் எழுத வேண்டும். இதுவரை எல்லா ஊரிலும் செய்வதுதான். அதை வகைப்படுத்த நான் தொல்காப்பியரைக் கூப்பிட்டுக்கொண்டேன். மரபியலில் அவர் உயிர்களை அறிவால் அடுக்கியிருக்கிறார். தொடுகிற அறிவு மட்டும் உள்ளவை புல்லும் மரமும். சுவையும் சேர்ந்தால் நத்தை. மூக்கும் சேர்ந்தால் எறும்பும் கறையானும். கண்ணும் சேர்ந்தால் நண்டும் தும்பியும். காதும் சேர்ந்தால் விலங்குகள். பிள்ளைகள் ஐந்து கட்டம் போட்டு நிரப்புவார்கள். நிரப்பும்போதே சண்டை வரும். எறும்புக்குக் கண் இல்லையா? இருக்கிறதே, நானே பார்த்தேன் டீச்சர்! சரி, அப்படியானால் எந்தக் கட்டம்? இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உள்ள நூலோடு ஆறாம் வகுப்புப் பிள்ளை வாதம் செய்வதை விடத் தமிழுக்குச் செய்யும் மரியாதை வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஒரு மேலதிகாரி இதைக் கேட்டுவிட்டு, பிள்ளைகளுக்குத் தப்பான அறிவியல் சொல்லிக்கொடுப்பதாகக் குறிப்பு எழுதினார். எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளிமானைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிண்டியில் புள்ளிமானும் உண்டு, வெளிமானும் உண்டு. புள்ளிமானின் கிளைக்கொம்பு உதிர்ந்து உதிர்ந்து முளைக்கும். வெளிமானின் முறுக்குக் கொம்பு உதிராது. இது பரீட்சைக்கு. பரீட்சைக்கு வராதது ஒன்று உண்டு. வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். தூரத்தில் வரும் ஆபத்தைக் கண்ணால் பார்த்து ஓடிப் பிழைக்கிற பிராணி அது. பெயரிலேயே ‘வெளி’ இருக்கிறது. கிண்டியில் புல்வெளியில் புதரும் மரமும் ஏற ஏற அதற்கு இடம் குறைந்தது. ‘மரம் வளர்ப்போம்’ என்று சுவரெல்லாம் எழுதியிருக்கும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு, மரம் வைக்கக் கூடாத இடமும் உலகத்தில் இருக்கிறது என்று தெரிவது பெரிய அதிர்ச்சி. அந்த அதிர்ச்சி நல்லது. மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கை ஆய்வாளர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், ஊருக்குள் நாம் தினமும் பார்க்கும் உயிர்களை எவ்வளவு உற்றுக் கவனித்து எழுதியிருக்கிறார் என்று படித்துப் பாருங்கள். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார்.

சட்டமும் இதற்கிடையில் வந்தது. 1991 நவம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில், பள்ளி கல்லூரிகளில் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001-ல் தேசிய பசுமைப் படை தொடங்கியது. பள்ளிக்குப் பள்ளி சுற்றுச்சூழல் மன்றம் உண்டானது. நல்ல காரியங்கள்தான், ஆனால் பாடம் கட்டாயமான பிறகு நாங்கள் வெளியே போனது குறைந்தது. பாடம் என்றால் புத்தகம், புத்தகம் என்றால் கேள்வி பதில், அதை முடிக்க நேரம் வேண்டுமே! மாசு எத்தனை வகைப்படும் என்று ஒப்பிக்கிற பிள்ளைக்குப் பள்ளி வாசலில் நிற்பது பூவரசா அரசா என்று தெரியாமல் போனது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது கொஞ்சம் காற்று வந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நாங்களும் நாற்காலியிலிருந்து இறங்கினோம்.

2011-ல் அடையாறு கழிமுகத்தில் தொல்காப்பியப் பூங்கா திறந்தது, முதல் கட்டமாக 58 ஏக்கர். இடிபாடும் குப்பையும் கொட்டிய இடம் அது. கட்டடம் வராமல் இருக்கப் பொதுநல அமைப்பு நீதிமன்றம்வரை போன வரலாறும் அதற்கு உண்டு. மண்ணைத் தோண்டி நீர் விட்டு, அலையாத்தியும் நம் மண்ணின் மரங்களும் நட்டு மீட்டார்கள். பள்ளிக் குழுக்களுக்கு முன்பதிவு செய்து வழிகாட்டியோடு நடக்கும் ஏற்பாடு அப்போது இருந்தது. கூண்டில்லை, சறுக்கு மரமில்லை, தின்பண்டம் கூடாது. எனக்கு மிகவும் பிடித்தது.

அங்கே நான் மறக்காத ஒரு காட்சி. வழிகாட்டி இளைஞர் சேற்றில் ஒரு வளையைக் காட்டி, “இது நண்டு வளை” என்றார். என் வகுப்பில் தமிழ் வாசிக்கத் திணறும் பையன் ஒருவன், அடையாற்றங்கரைக் குடிசையில் இருப்பவன், “ஆள் உள்ளே இல்லண்ணே” என்றான். எப்படித் தெரியும் என்றால், வாயில் ஈரமண் உருண்டை இல்லையாம், காய்ந்துபோயிருக்கிறதாம். அடுத்த பத்து நிமிடம் அவன்தான் வழிகாட்டி. எந்த வளையில் ஆள் இருக்கிறது, எதில் இல்லை என்று சொல்லிக்கொண்டே போனான். அந்த இளைஞரும் நல்லவர், குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கரையில் இருந்த குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். படிப்பின் நடுவில் போனார்கள், பரீட்சைக்கு முன்னால் போனார்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் மேல் பெயராகக் கோடு போட்டேன். ஆற்றை மீட்பது பற்றி வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் ஆற்றைத் தெரிந்த பிள்ளைகள் வகுப்பில் இல்லை. அந்தப் பையனும் போனான். வெள்ளத்தில் அவர்கள் பட்டது எனக்குத் தெரியும், கரையிலேயே இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சுற்றுச்சூழல் கல்வி பற்றி யார் மேடையில் பேசினாலும் எனக்கு அந்தக் கோடுகள்தான் கண்ணில் நிற்கும்.

அடுத்த ஆண்டு டிசம்பர் 12-ல் வர்தா புயல். கிண்டியில் நிறைய மரங்கள் விழுந்தன, எங்கும் போக முடியவில்லை. அதனால் பள்ளியைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களையே பூங்காவாக வைத்துக்கொண்டோம். விழுந்த மரம் எது, நின்ற மரம் எது, வேரோடு சாய்ந்ததா, கிளை முறிந்ததா, அடியில் சிமென்ட் பூசியிருந்ததா? ஐந்து ஐந்து பேராகப் போய் எழுதி வந்தார்கள். மயிற்கொன்றையும் தூங்குமூஞ்சியும் விழுந்தவர் பட்டியலில் நிறைந்தன. அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் போட்ட வேம்பும் விழுந்திருந்தது. மண்ணுள்ள வேம்பு நின்றது. மாநகராட்சி உதவிப் பொறியாளருக்குப் பிள்ளைகளே கடிதம் எழுதினார்கள். பதில் வரவில்லை. ஆனால் எங்கள் தெருவில் இரண்டு மரங்களின் அடியில் சிமென்டை யாரோ உடைத்துவிட்டிருந்தார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை.

2018-ல் ஓய்வு பெற்றேன். கிண்டி சிறுவர் பூங்கா 2024-ல் புதுப்பித்துத் திறந்தபோது பேரப்பிள்ளைகளோடு போனேன். அழகாக இருக்கிறது. வரிசையாக ஏ.சி. பஸ்களில் தனியார் பள்ளிப் பிள்ளைகள் ஒரே நிறத் தொப்பியோடு வந்திருந்தார்கள். கூண்டு கூண்டாக நடந்தார்கள், செல்பி எடுத்தார்கள், ஒன்றரை மணி நேரத்தில் பஸ் ஏறினார்கள். அது 1855-ல் பால்ஃபர் காட்டிய அதே காட்சிதான், தொப்பி மட்டும் புதிது. கயிறும் கைக்குட்டையும் பென்சிலும்தான் செலவு. அந்தச் செலவு எந்த மாநகராட்சிப் பள்ளிக்கும் முடியும். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவரும் ஒரு முழு காலையும்தான் முடியாமல் இருக்கிறது. உங்களில் பலர் இப்போது அம்மா அப்பா ஆகிவிட்டீர்கள், சிலர் ஆசிரியர்களும் ஆகிவிட்டீர்கள். ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறோம். பக்கத்து அரசுப் பள்ளியில் போய், “கூட வருகிறேன்” என்று கேளுங்கள். நான் இரண்டு பள்ளிகளோடு போய்க்கொண்டிருக்கிறேன். முழங்கால்தான் கொஞ்சம் மறுக்கிறது.

பெரும்பாக்கத்தில் குடியேறிய என் பழைய மாணவி ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பிளாக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரம் கூட்டிப்போகிறாள். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம் அது, அவர்கள் வீட்டுக்குப் பக்கம். சாலையிலிருந்தே பூநாரை தெரியும். போன வாரம் பிள்ளைகள் எழுதிய ஐந்து கட்டத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். நான்காம் கட்டத்தில் நண்டை அடித்துவிட்டு ஐந்தாம் கட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். காலால் தரையைத் தட்டினால் வளைக்குள் ஓடுகிறதாம், அதனால் அதற்குக் காது உண்டாம். அது காதில் கேட்டு ஓடுகிறதா, காலில் அதிர்வு பட்டு ஓடுகிறதா, கண்ணில் நிழல் பட்டு ஓடுகிறதா என்று எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். யோசனை உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், அவர்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.